மெதுவாக நடப்பவர் முன்னால்

...ஐம்பது, ஐம்பத்தொன்று, அந்தக் கல்லின் மேல் வைத்த காலைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா, சரி, சேர்த்தால் ஐம்பத்திரண்டு, அரை நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு அடி, காலையில் கிளம்பும்போது எவ்வளவோ இப்போதும் அவ்வளவே, மேடு வந்தும் மாறவில்லை, இப்படி நடக்கிறவளை எந்த மடையன் மெதுவாக நடப்பவள் என்று எழுதினான்... எழுதிய மடையன் தான்தான் என்பது உடனே ஞாபகம் வர, டைம் கீப்பர் எண்ணுவதை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். டைம் கீப்பர் என்றால் இப்போது இல்லை, எட்டு மாதத்துக்கு முன்பு வரை. முப்பத்தைந்து வருடம் ஒரு பஸ் டிப்போவின் வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதிய கை அது. ஓய்வு பெற்றபின் எழுத ஒன்றும் இல்லாமல், குப்பை வண்டி வரும் நேரத்தைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்தது. இப்போது வேறு நாட்டில், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு மலைச்சரிவில், ஒற்றையடிப் பாதையில், ஐந்து பேர் வரிசையில் கடைசி ஆளாகப் போய்க்கொண்டிருக்கிறார். இரண்டாவதாக வழிகாட்டிப் பெண், அவளுக்குப் பின்னால் ஓய்வு பெற்ற நர்ஸுகளான அக்கா தங்கை இருவர். எல்லாருக்கும் முன்னால், மஞ்சள் மழைக்கோட்டில், அவர் மனைவி. இது மூன்றாம் நாள்.

இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். மகன் அனுப்பிய பத்துப் பதினைந்து சுற்றுலா விளம்பரங்களில் இதில்தான் ஒன்பது பக்கத்துக்கு விதிமுறை இருந்தது, படிக்கப் படிக்க டிப்போ வாசனையே அடித்தது. எட்டுப் பேருக்கு மேல் கூடாது, ஊருக்கு ஊர் நடந்தேதான் போக வேண்டும், தங்குவது ஊர்க்காரர் வீட்டில், அவர்கள் போடுவதுதான் சாப்பாடு, கொண்டுபோன குப்பையைக் கொண்டே திரும்ப வேண்டும், வயலில் வேலை செய்கிறவரைக் கண்டால் நாம்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது... வேறு யாராவது என்றால் படித்துவிட்டு ஓடியிருப்பார்கள், இவர் உட்கார்ந்து அடிக்கோடு போட்டார். கடைசிப் பக்கத்தில்தான் அந்தப் படிவம். ஆளுக்கொன்று. வயது என்ன, முழங்கால் எப்படி, நடை எப்படி, வேகமா, நடுத்தரமா, மெதுவா. தன் தாளில் வேகம் என்று டிக் போட்ட கை, அதே வேகத்தில் மனைவியின் தாளில் மெதுவாக என்று போட்டது. அவள் அடுத்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், கேட்க என்ன இருக்கிறது, முப்பத்தொரு வருடமாகக் கடைக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவர் முன்னால், அவள் இருபதடி பின்னால், இதற்கு ஒரு கேள்வி வேறா. அந்த டிக்கைப் பார்த்துத்தான் வழிகாட்டிப் பெண் முதல் நாள் காலையிலேயே வரிசை பிரித்தாள். மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமானவர் கடைசியில். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது, அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். விதி என்றால் விதி. மறுபேச்சில்லாமல் கடைசியில் போய் நின்றார், சாயங்காலத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று மனசுக்குள் மட்டும் ஒரு நக்கல்.

அந்த நக்கல் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பாதையில் முதல் சேறு வந்தது. சேற்றைச் சுற்றிப் போகக் கூடாது என்பது ஐந்தாம் பக்கம், மூன்றாவது விதி. ஆளாளுக்கு ஓரமாக ஒதுங்கிப் போனால் பாதை அகலமாகிக்கொண்டே போய்ப் பக்கத்து வயலைத் தின்றுவிடும், அதனால் நட்ட நடுவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அடிக்கோடு போட்டவரே அவர்தான். ஆனால் காலில் இருந்தது புது ஷூ. யாரும் பார்க்கவில்லை என்று புல்லில் ஒரு கால் வைத்தார், திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பெண் தன் ஆங்கிலத்தில், "சார், நடுவுல வாங்க" என்றாள். கடைசி ஆள் என்ன செய்வார் என்று முதுகில் கண் வைத்திருந்தாள் போல. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தபோது மஞ்சள் கோட்டு ஏற்கனவே சேற்றைத் தாண்டிவிட்டிருந்தது, கணுக்கால் வரை கறுப்பு, அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. இவளா, என்று தோன்றியது. கல்யாணமான புதிதில் ஒரு மழை நாள், தெருவில் குறுக்கே தண்ணீர், அவர் ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய்விட்டார், அவள் இந்தப் பக்கம் நின்றாள், சுத்தி வந்துடு என்று கையைக் காட்டினார், அவள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆனது, பன்னிரண்டு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதானே நின்றார். சேலை நனையும் என்று பயப்படுகிறாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார். அவள் பயப்படுகிறேன் என்று சொன்னாளா? சொல்லவில்லை. சுற்றி வரச் சொன்னது யார்...

வேண்டாம், இதையெல்லாம் நினைக்க வேண்டாம், நினைக்க வேண்டியது வேறு இருக்கிறது, திங்கட்கிழமை இருக்கிறது. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் லேபில் பல்செட் செய்கிறவள், இருபத்தெட்டு வருடமாக. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. ரயிலில் ஆறு மணி நேரம் போனால் வருகிற ஓர் ஊரில் புதிதாகப் பெரிய பல் ஆஸ்பத்திரி திறக்கிறார்கள், லேப் முழுவதற்கும் அவள்தான் பொறுப்பு, கீழே பன்னிரண்டு பேர், தங்க வீடு, ஓய்வு பெறும் வரை மூன்று வருடம், சம்மதமா என்று திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். "உன் இஷ்டம்" என்றார். எந்தக் குரலில் சொன்னார் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அந்த மேஜைக்கும் தெரியும். அவள் கடிதத்தை மடித்தாள். "நடந்துட்டு வந்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை, போ என்று சொல்ல மனசு இல்லை. அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று இந்த எட்டு மாதத்தில் பகல் பகலாகப் பார்த்தாகிவிட்டது, ஆறு பத்துக்கு அவள் சாவி போடுகிற சத்தம் வரும், அதற்காகத்தான் ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சத்தம் மூன்று வருடம் வராது என்றால்... பயம்தான், வேறு பெயர் எதற்கு, சுத்தமான பயம்.

மஞ்சள் கோட்டு நின்றது, வரிசை மொத்தமும் நின்றது. கல்சுவர் சரிந்த இடத்தில் ஒருவர் கற்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார், அவருக்கு வணக்கம் சொல்லத்தான் நின்றிருக்கிறாள். சொன்னோமா போனோமா என்று இல்லை, அவர் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல்லை வைக்கிறார் என்று குனிந்து பார்க்கிறாள். பல்லை வரிசையாக அடுக்குகிறவளுக்கு இதில் ஆர்வம் இருக்கத்தான் செய்யும். முதல் நாள் என்றால் அங்க என்ன நின்னுட்ட என்று வாயில் வந்திருக்கும். இன்றைக்கு வரவில்லை, ஏனென்றால் அவள் நின்றது அவருக்கு வசதியாக இருந்தது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தார். இப்படி இடுப்பில் கை வைத்து நிற்பது தனக்குப் பழகிய நிலைதான் என்று அப்போதுதான் உறைத்தது. ஊரில் எத்தனை தெருமுனையில் இப்படி நின்றிருப்பார், விறுவிறுவென்று போவது, ஒரு முனையில் நின்று திரும்பிப் பார்ப்பது, அவளுக்காகக் காத்திருக்கிறேன் என்று பார்க்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று ஒரு பெருமூச்சு விடுவது, அவள் கிட்டே வந்ததும் கிளம்பிவிடுவது. அவளுக்காகவா நின்றோம்... மூச்சு வாங்கவா? இங்கே கடைசி ஆளுக்கு யாருக்காகவும் காத்திருக்கிற பாக்கியம் இல்லை, மூன்று நாளாக அந்த உண்மை தொடையில் வலியாகத் தெரிகிறது. கல் அடுக்குகிறவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். மஞ்சள் கோட்டு நகர்ந்தது. வலது தோள் இடதைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கிறது, இதை எப்போதிலிருந்து இப்படி வைத்திருக்கிறாள், வருடக்கணக்காக மேஜையில் குனிந்து மெழுகு செதுக்கினால் தாழத்தான் செய்யும். ஒரு வீட்டில் இத்தனை காலம் இருந்துகொண்டு முதுகைப் பார்த்ததில்லை என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

மதியச் சாப்பாடு வழியில் ஒரு வீட்டில். தாழ்ந்த கூரை, நீள மேஜை, ஜன்னல் ஓரம் காய வைத்த வெங்காயம், சூப்பும் ரொட்டியும். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது இருக்கும், பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டார், சூப்பைத் தவிர வேறெதையும் தொடவில்லை. டைம் கீப்பர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார், அவள் அந்த அம்மாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், போச்சு, வேலையை ஆரம்பித்துவிட்டாள். வழிகாட்டிப் பெண்ணிடம், இருவருக்குமே சொந்தமில்லாத அந்த ஆங்கிலத்தில், கீழ்ப் பல்செட் இடது பக்கம் குத்துகிறதா என்று கேட்கச் சொன்னாள். அந்த அம்மா முதலில் வெட்கப்பட்டார், பிறகு அந்தப் பக்கம் திரும்பி, பல்செட்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டார். ஊர் விட்டு ஊர் வந்து அடுத்தவர் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று இவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது, ஒன்பது பக்கத்தில் இதற்கு ஏதாவது விதி இருக்குமா என்றுகூட யோசித்துப் பார்த்தார், இல்லை. அவள் எழுந்து போய் வெந்நீரில் கழுவினாள். போன் வெளிச்சத்தில் அந்த அம்மாவின் ஈறைப் பார்த்தாள், சிவந்திருந்த இடத்தைப் பல்செட்டில் விரலால் தேடினாள், கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். பிறகு கைப்பையிலிருந்து நகம் தேய்க்கிற அரத்தை எடுத்து நாலு இழுப்பு, நிறுத்தி விரலால் தடவி, இன்னும் இரண்டு இழுப்பு, துணியில் பற்பசை தடவி மெருகு, மறுபடி வெந்நீர். எல்லாம் ஐந்து நிமிடம். ஆறில்லை, ஐந்துதான், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா பல்செட்டை மாட்டிக்கொண்டு வாயை இப்படியும் அப்படியும் அசைத்தார், ரொட்டியில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கிவிட்டு அந்த அம்மா அவளுடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். நர்ஸ் அக்கா மெல்லக் கை தட்டினார். டைம் கீப்பர் தண்ணீர் குடித்தார். இருபத்தெட்டு வருடமாக அவள் காலையில் போய்ச் செய்துவிட்டு வருவது இதுதான், அவர் ஒரு நாளும் அந்த லேபுக்குள் கால் வைத்ததில்லை. வாசலோடு விட்டுவிட்டு டிப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியவர்தானே.

வாசலில் ஷூ மாட்டும்போது வழிகாட்டிப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றாள். "உங்க ரெண்டு பேர் ஃபார்மும் மாறிப் போச்சா சார்? உங்களுதை அவங்களுக்கும், அவங்களுதை உங்களுக்கும்?" குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள், அதுதான் இன்னும் மோசம். மாறவில்லை, நான்தான் எழுதினேன் என்று சொல்லும்போது அவருக்குக் காது சூடானது. அப்படியானால் நாளைக்குக் கடைசி நாள் நீங்கள் முன்னால் வாருங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாம், உங்கள் வேகத்தில் எல்லாரும் வருவோம் என்றாள். நல்ல மனசோடு சொன்னது. வழிகாட்டி எழுந்து போனதும் பார்த்தால், மனைவி பக்கத்தில் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்திருக்கும், விழாமல் எங்கே போகும். "நீ இவ்வளவு நல்லா நடப்பேன்னு எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். பாராட்டுகிற குரலில்தான் சொல்ல நினைத்தார், புகார் மாதிரி வந்துவிட்டது. அவள் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். "நான் வந்து சேர்றதும் நீங்க கிளம்பறதும் சரியா இருக்கும்ங்க. எனக்கு நிக்கிற பழக்கமே விட்டுப் போச்சு." கோபமாகச் சொல்லவில்லை, குறையாகச் சொல்லவில்லை, சூப்பில் உப்பு சரியாக இருந்தது என்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்து மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அந்த இடம் முன்னால் இருந்தது. மூன்று நாளில் அது தன் இடம் என்று பழகிவிட்டாள்.

நாளைக்கு நான் முன்னால்... எல்லாரும் என் வேகத்தில்... மேட்டில் ஏறும்போது இது திரும்பத் திரும்ப வந்தது. மூன்று நாளாக விதியைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. முன்னால் போகிறவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம் என்றால் முன்னால் போகிறவர் வேகமாகப் போகிறார் என்று அர்த்தமில்லை, முன்னால் போகிறார், அவ்வளவுதான். வீட்டில் அதை யாரும் வரிசை பிரித்துச் சொல்லவில்லை, தானாக அமைந்தது, அல்லது தானாக அமைந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்கு முன்பே பாதை ஒரு தார்ச்சாலையில் ஏறியது. வழிகாட்டி நின்றாள், இனிமேல் அகலமான ரோடு, வரிசை வேண்டாம், இறக்கம்தான், அவரவர் வேகத்தில் போகலாம், மூன்றாவது வளைவில் பச்சைக் கதவு வீடு என்றாள். நர்ஸ் தங்கச்சிக்குக் குதிகாலில் கொப்புளம், அக்காவும் வழிகாட்டியும் தங்கச்சியோடு உட்கார்ந்துவிட்டார்கள். சரி, இப்போது அவள் பின்தங்குவாள், பக்கத்தில் வந்து நடப்பாள், அப்போது திங்கட்கிழமையைக் கேட்டுவிடலாம், நல்ல குரலில் கேட்டுவிடலாம் என்று அவர் நிதானமாக நடந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். அவள் எழுபதடி முன்னால் போயிருந்தாள்.

எட்டி நடை போட்டார். எழுபது அறுபதானது, அறுபது ஐம்பதானது, ஐம்பதில் மூச்சு நின்றுகொண்டது, காலும் நின்றது. கை தானாக இடுப்புக்குப் போனது. இங்கே நின்றால் யாருக்காகக் காத்திருப்பதாகச் சொல்வது? ஐம்பது மறுபடி அறுபதானது, அவள் ஓடவில்லை, விலகிப் போகவும் இல்லை, அரை நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு அடி, அந்தப் பக்கம் பள்ளத்தாக்கில் வெயில் ஏறியிறங்குவதைப் பார்த்துக்கொண்டே போகிறாள், இப்படிப் போகிறவள் பதிலை முடிவு பண்ணிவிட்டாளா, இல்லை, அந்த யோசனையே இல்லாமல் சும்மா நடக்கிறாளா, தோளைப் பார்த்தால் தெரியவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். என்ன சொல்லி? முன்னால் நின்று கூப்பிடுகிறவனுக்கு வா என்கிற ஒரே சொல் போதும், எரிச்சலாக வா, பிரியமாக வா, நேரமாச்சு வா, இத்தனை வருடத்தை அதை வைத்தே ஓட்டிவிட்டார். பின்னால் நிற்கிறவன் வா என்றால் அவள் போன தூரத்தைத் திரும்பியல்லவா வர வேண்டும். அப்படியானால் வேறென்ன இருக்கிறது, யோசித்துப் பார்த்தார், ஒன்றுதான் வந்தது, நில்லு. நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் சொன்னதும் இதைத்தானே, வேறு வார்த்தை போட்டுச் சொன்னது. முதல் வளைவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், ரோட்டில் ஒரு வண்டி இல்லை, காற்றுகூட இல்லை, லேசாகச் சொன்னாலே அவள் காதில் விழும். விழுந்தால் நின்றுவிடுவாள். ஏன் என்று கேட்க மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள், அவர் வந்து சேரும் வரை ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். அது தெரிந்துபோனதும் அவருக்கு அவள் போய்விடுவாளோ என்பதைவிட அதுதான் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார். மஞ்சள் கோட்டு வளைவில் திரும்பியது, அவர் இன்னும் வேறு ஏதாவது சொல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இறக்கத்தில் காலை எடுத்து வைத்தார்.